அகலக் கால் வைத்த பேராலயம்: போவேயில் விழுந்ததும் நின்றதும்

போவே பேராலயத்துக்கு முன்வாசல் கிடையாது. பாரிசுக்கு வடக்கே சுமார் எண்பது கிலோமீட்டரில் இருக்கும் அந்த ஊருக்குப் போகிறவர்கள், தெற்குப் பக்கத்துப் படிகளில் ஏறி, பக்கவாட்டில் இருக்கும் பெரிய வாசல் வழியாகத்தான் உள்ளே நுழைகிறார்கள். நுழைந்து இடப்பக்கம் பார்த்தால் அடைப்பு. ஆலயத்தின் நீண்ட நடுக்கூடம் இருந்திருக்க வேண்டிய இடம் அது. அப்போதைக்கு என்று அடைத்து வைத்தது, நானூறு வருடமாக அப்போதைக்கே நிற்கிறது. வலப்பக்கம் திரும்பினால் நிலைமை வேறு. கழுத்து தானாக மேலே போகும். 48 மீட்டர் உயரத்தில், முழுக்கக் கல்லால் ஆன வளைவுக் கூரை. மாடிக் கணக்கில் சொன்னால் பதினாறு மாடி. ஐரோப்பாவின் இடைக்காலக் கோதிக் பாணியில் கட்டிய பேராலயம் எதிலும் இதைவிட உயரத்தில் கல்வளைவு மூடப்பட்டதில்லை.

கோதிக் கட்டடக்கலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் வழக்கமாக ஷார்த்ரையோ பாரிசின் நோத்ர தாமையோ எடுத்துக்கொள்வார்கள். இங்கே போவேயை எடுத்ததற்குக் காரணம், அது இரண்டு முறை விழுந்த கட்டடம் என்பதுதான். நன்றாக நிற்கிற கட்டடத்தில் எது எதைத் தாங்குகிறது என்று பார்ப்பவருக்குப் புரியாது, எல்லாம் அழகாகத்தான் தெரியும். விழுந்து, முட்டுக் கொடுத்து, மறுபடி எழுப்பிய கட்டடத்தில் எங்கே சுமை இறங்குகிறது, எங்கே கட்டியவர்களுக்குப் பயம் இருந்தது என்று விரல் வைத்துக் காட்டலாம். இன்னொரு காரணமும் உண்டு. இந்த ஆலயத்தில் நம்மை அண்ணாந்து பார்க்க வைக்கிற உணர்வில் ஒரு நல்ல பங்கு, முதலில் வரைந்த திட்டத்தில் இல்லை. பழுது பார்த்தபோது வந்து சேர்ந்தது.

வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு

1225-ல் போவேயின் பழைய ஆலயம் தீப்பற்றியது. அப்போதைய ஆயர் மிலோன் த நான்தேய் சாதாரண ஆயர் இல்லை. போவேயின் ஆயர் அந்த வட்டாரத்துக்குப் பிரபுவும்கூட. வரி, நிலம், நீதி எல்லாம் அவர் கையில். புதிய பேராலயம் கட்டுவதற்காக அவரும் ஆலயத்தின் குருமார் குழுவும் பத்து வருடத்துக்குத் தங்கள் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைத் தருவதாக ஒப்புக்கொண்டார்கள்.

காலமும் முக்கியம். ஐந்து வருடத்துக்கு முன், 1220-ல், வடக்கே பக்கத்து மறைமாவட்டமான ஆமியேனில் ஒரு பேராலயம் தொடங்கியிருந்தது. ஷார்த்ரின் கூரை 37 மீட்டரைத் தொட்டிருந்தது. ஆமியேன் 42 மீட்டருக்கு மேல் போகப்போகிறது. பக்கத்து ஊரில் கட்டுவது என்னவென்று கொத்தர்களுக்குத் தெரியாமல் இருக்காது, ஆயர்களுக்கும்தான். போட்டிக்காகத்தான் கட்டினார்கள் என்று சொல்லிவிடுவது சுலபம். எனக்கு அது பாதி உண்மையாகத்தான் படுகிறது. உயரம் கூடக் கூட சன்னல் பெரிதாகும், சன்னல் பெரிதானால் உள்ளே ஒளி கூடும். ஒளி என்பது அவர்களுக்கு அலங்காரம் இல்லை. 1144-ல் பாரிசுக்கு வெளியே சேன்-தெனி மடாலயத்தில் மடாதிபதி சூஜே புதுப்பித்த பீடப்பகுதி (பீடம் இருக்கும் கிழக்குப் பகுதி) திறக்கப்பட்ட நாளிலிருந்து, வண்ணக் கண்ணாடி வழியாக இறங்கும் வெளிச்சம் இறைவனை நோக்கி மனதைத் தூக்கும் படிக்கட்டு என்றே அந்தப் பகுதிக் குருமார் நினைத்து வந்தார்கள்.

பத்து வருடத்துக்கு என்று போட்ட கணக்கு, வழக்கம்போல, சரியாக வரவில்லை. 1232-33-ல் போவே நகரத்தில் கலகம் மூண்டது. அரசர் ஒன்பதாம் லூயி நேரடியாகத் தலையிட்டார், ஆயருக்கும் அரசருக்கும் முட்டிக்கொண்டது. மிலோன் 1234-ல் இறந்துபோனார். வேலை மெதுவானது, ஆயர்கள் மாறினார்கள். 1249-ல் பதவிக்கு வந்த கியோம் த க்ரே காலத்தில்தான் மேல்பகுதி எழுந்தது. முதலில் நினைத்ததைவிட உயரமாக அவர் காலத்தில் கட்டினார்கள் என்பது, கட்டடத்தைக் கல் கல்லாக ஆராய்ந்த வரலாற்றாசிரியர் ஸ்டீபன் மர்ரேயின் முடிவு. பாதி எழும்பிய கட்டடத்தில் திட்டத்தை மாற்றினால் என்ன ஆகும் என்று கட்டுமான வேலையில் இருக்கிற யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

1272-ல் பீடப்பகுதி முடிந்தது.

கல் ஏன் பக்கவாட்டில் தள்ளுகிறது

அடுத்து நடந்ததைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு விஷயம் தெரிந்தால் போதும். இரண்டு சீட்டுகளை ஒன்றோடொன்று சாய்த்து மேசையில் நிறுத்திப் பாருங்கள். அவை கீழ்நோக்கி மட்டும் அழுத்துவதில்லை, அடியில் வெளிப்பக்கமாக நழுவப் பார்க்கும். கல்வளைவும் அப்படித்தான். தலையில் இருக்கும் பூட்டுக்கல் இரண்டு பக்கக் கற்களையும் விலக்கப் பார்க்கிறது. அந்தத் தள்ளல் வளைவின் கால்களில் வந்து சுவரை வெளியே தள்ளும். சுவர் தடியாக இருந்தால் பிரச்சினை இல்லை. கோதிக்குக்கு முந்தைய ரோமானெஸ்க் காலத்து ஆலயங்கள் குகை மாதிரி இருண்டு கிடந்ததற்கு இதுவே காரணம்: தடித்த சுவர், சின்னச் சன்னல்.

கோதிக் கொத்தர்கள் மூன்று வேலை செய்தார்கள். அரைவட்ட வளைவுக்குப் பதில் கூர்வளைவு வைத்தார்கள். கூர்வளைவு செங்குத்தாக நிற்பதால் வெளித்தள்ளல் குறைகிறது. அதோடு அகலம் எவ்வளவாக இருந்தாலும் உயரத்தை விருப்பம்போல வைத்துக்கொள்ளலாம். அடுத்து, கூரைக்கு விலா எலும்பு மாதிரி கல் வரிகள் ஓடவிட்டு, சுமையை அந்த வரிகள் சேரும் நான்கு மூலைகளுக்குத் திருப்பினார்கள். மூன்றாவதுதான் துணிச்சலானது. மூலைகளில் வந்து சேரும் தள்ளலை, பக்கக்கூடங்களின் தலைக்கு மேலே பாலம் மாதிரி தாண்டிப் போய் வெளியே நிற்கும் தடித்த தூண்களில் இறக்கினார்கள். பறக்கும் முட்டு என்பது அதுதான்.

முட்டுகள் வெளியே நின்று தாங்குவதால் உள்ளே சுவர் தேவையில்லாமல் போனது. அந்த இடத்தில் கண்ணாடி வந்தது. உள்ளே இருப்பவர் கண்ணுக்கு முட்டு தெரியாது. கல்லுக்கு எடையே இல்லாதது போலத் தோன்றும். வெளியே வந்து பார்த்தால்தான் அந்த எடையில்லாமைக்கு யார் கூலி கொடுக்கிறார்கள் என்பது தெரியும்.

போவேயின் குறுக்குவெட்டு

ஆமியேனில் நடுக்கூடம் உயரம், இரண்டு பக்கமும் பக்கக்கூடங்கள் தாழ்வு, அவ்வளவுதான். போவேயில் பீடப்பகுதிக்கு இரண்டு பக்கமும் இரண்டிரண்டு பக்கக்கூடங்கள். வெளிக்கூடம் தாழ்வு, உள்கூடம் அதைவிட உயரம், நடு எல்லாவற்றையும் தாண்டிய உயரம். வெளியிலிருந்து உள்ளே மூன்று படியாக ஏறுகிறது. பூர்ஜ் பேராலயத்தில் இதே யோசனையை முன்பே செய்து பார்த்திருந்தார்கள். போவேயின் கொத்தர்கள் பூர்ஜின் படிகளையும் ஆமியேனின் உயரத்தையும் ஒன்றாகக் கேட்டார்கள்.

இதன் பலன் நடந்து பார்ப்பவருக்குத்தான் கிடைக்கும். கிழக்கு முனையில் பீடத்தைச் சுற்றி அரைவட்டமாக ஒரு பாதை ஓடுகிறது. அதன் வெளி ஓரத்தில் ஏழு சிற்றாலயங்கள். சிற்றாலயத்துக்குள் நிற்கும்போது கூரை பக்கத்திலேயே இருக்கிறது, மங்கலான வண்ண வெளிச்சம், ஆள் உயரத்துக்குப் பொருந்துகிற இடம். இரண்டு எட்டு பின்னால் வந்து சுற்றுப்பாதையில் நின்றால், தலைக்கு மேலே இருந்த கூரை சட்டென்று விலகிப் போயிருக்கும். சிற்றாலய வளைவுகளுக்கு மேலே அந்தப் பாதைக்கே சொந்தமான சின்ன மாட வரிசையும் சன்னல் வரிசையும் உண்டு. சரி, இதுதான் ஆலயத்தின் உயரம் என்று நினைக்கத் தோன்றும். அங்கிருந்து தூண்களுக்கு நடுவே பீடத்தின் பக்கம் பார்த்தால், அந்தத் தூண்கள் மேலே போய்க்கொண்டே இருக்கின்றன. ஒரே உயரத்தை மூன்று தவணையாகக் கொடுக்கிறார்கள். மொத்தமாக ஒரே தடவையில் காட்டியிருந்தால் அது இவ்வளவு பெரிதாகத் தெரிந்திருக்காது.

மேல் பகுதியில் கண்ணாடி, கீழ்வரிசை வளைவுகளுக்கும் மேல் சன்னல்களுக்கும் இடையே இருக்கும் நடு மாடம் வரைக்கும் இறங்கி வருகிறது. பழைய ஆலயங்களில் அந்த மாடத்துக்குப் பின்னால் இருட்டுதான் இருக்கும், ஏனென்றால் வெளியே பக்கக்கூடத்தின் கூரை சாய்ந்து மறைக்கும். போவேயில் அந்த மாடத்தின் பின்பக்கத்தையும் சன்னலாக்கிவிட்டார்கள். அதனால் கீழ்வரிசை வளைவுகளுக்கு மேலே போனால் சுவர் என்று சொல்ல மெல்லிய கல் கம்பிகள் மட்டும்தான் மிச்சம். பதினாறு மாடி உயரத்தில் இருக்கும் கல் கூரை, கண்ணாடி மேல் உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது.

சரி, உண்மையில் எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது? வெளியே போக வேண்டும். நடுக்கூடத்துக்கும் வெளித்தூணுக்கும் இடையே தூரம் அதிகம், நடுவில் இரண்டு பக்கக்கூடங்கள். ஒரே பாய்ச்சலில் தாண்ட முடியாது. அதனால் பறக்கும் முட்டு இரண்டு எட்டாகத் தாண்டுகிறது. நடுவில் கால் ஊன்ற ஒரு மெல்லிய இடைத்தூண், இரண்டு பக்கக்கூடங்களுக்கும் இடையே உள்ள தூண் வரிசைக்கு மேலே. கவனிக்க வேண்டிய இடம் இதுதான். அந்த இடைத்தூண் கீழே இருக்கும் தூணுக்கு நேர் மேலே நிற்கவில்லை. கொஞ்சம் உள்பக்கமாகத் தள்ளி, ஒரு பாதி காற்றில் நிற்கிறது. கொத்தனார் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் மேல் தூணின் நடுக்கோடு கீழ்த் தூணின் நடுக்கோட்டில் விழாது.

இதைத் தெரியாமல் செய்தார்கள் என்று சொல்ல முடியாது. உட்பக்கம் தள்ளி நின்றால் அந்த எடை வெளித்தள்ளலுக்கு எதிராக வேலை செய்யும் என்று கணக்குப் போட்டிருக்கலாம். அன்று எழுத்தில் கணக்கு கிடையாது. அனுபவம்தான், அதற்குமேல் ஒரு கயிறு, ஒரு மட்டக்கோல், ஒரு கவராயம்.

பன்னிரண்டு வருடம் கழித்து

1284 நவம்பர் மாத இறுதியில் பீடப்பகுதியின் கூரை விழுந்தது. முழுவதும் இல்லை. அரைவட்ட முனை தப்பியது, சிற்றாலயங்கள் தப்பின. நேராக ஓடும் அங்கணங்களின் (தூணுக்கும் தூணுக்கும் நடுவே உள்ள இடைவெளிகளின்) மேல்கூரையும் சில பறக்கும் முட்டுகளும் போயின.

பன்னிரண்டு வருடம் என்பதுதான் இந்த வழக்கில் முக்கியமான தடயம். கல் கட்டடம் அடிப்படையிலேயே சமநிலை இல்லாமல் இருந்தால் சாரத்தைப் பிரித்த அன்றே தெரிந்துவிடும். அஸ்திவாரம் இறங்கினால் சில வருடங்களில் வெடிப்பு விடும், சாய்வு காட்டும். அது அப்படியே நின்று, பன்னிரண்டு குளிர்காலம் பார்த்து, அப்புறம் விழுந்தது என்றால், உள்ளே ஏதோ ஒன்று மெதுவாக மாறிக்கொண்டு இருந்திருக்கிறது.

என்ன மாறியது என்பதற்குப் பல விளக்கங்கள் வந்திருக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் வியோலே-லெ-த்யூக், மேல்பகுதியில் இருந்த மெல்லிய இரட்டைக் கல்தண்டுகளைச் சுட்டிக்காட்டினார். தூண் என்பது அடுக்கடுக்காக வைத்த கல், ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவே சுண்ணாம்புக் காரை. காரை காயக் காயச் சுருங்கும், அந்த உயரத்துக்கு எத்தனையோ அடுக்கு. பக்கத்தில் இருக்கும் கல்தண்டு ஒரே கல், அதற்குச் சுருக்கம் இல்லை. தூண் தாழத் தாழ, சுமை மெல்ல மெல்ல அந்தத் தண்டின் மேல் ஏறுகிறது. அலங்காரத்துக்கு வைத்த தண்டு ஒருநாள் ஆலயத்தைத் தாங்க ஆரம்பிக்கிறது. அது ஒடிந்தால் அதன் மேல் இருந்ததும் போகும். இருபதாம் நூற்றாண்டில் ஜாக் ஹேமன் என்ற பொறியியல் பேராசிரியர் கட்டடத்தின் மொத்தச் சமநிலையைக் கணக்கிட்டு, வடிவமைப்பு ஒட்டுமொத்தமாகச் சரியாகத்தான் இருக்கிறது, குறை எங்கோ ஒரு சின்ன உறுப்பில் என்ற முடிவுக்கு வந்தார். வியோலே-லெ-த்யூக்கின் இரட்டைத் தண்டு விளக்கம் அவருக்கும் ஏற்புடையதாக இருந்தது.

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் மார்க் வேறு வழியில் போனார். ஆலயத்தின் குறுக்குவெட்டை ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கில் சின்னதாக வெட்டி, கூரை எடைக்கும் காற்றுக்கும் ஈடான சுமைகளைத் தொங்கவிட்டு, சூடாக்கி, மெதுவாக ஆறவிட்டார். ஆறிய பிளாஸ்டிக்கில் அழுத்தம் அப்படியே உறைந்துவிடும். முனைவாக்கிய (ஒரே தளத்தில் மட்டும் அதிரும்) ஒளியில் பிடித்துப் பார்த்தால் எங்கே அழுத்தம் அதிகமோ அங்கே வண்ணக் கோடுகள் நெருக்கமாகத் தெரியும். காற்றுச் சுமை வரும்போது அந்த உள்தள்ளி நிற்கும் இடைத்தூணில் இழுவிசை தெரிந்தது. கல்லும் சுண்ணாம்புக் காரையும் அமுக்கத்தைத் தாங்கும், இழுத்தால் தாங்காது. ஒவ்வொரு புயலுக்கும் கண்ணுக்குத் தெரியாத மூட்டு ஒன்று திறந்து மூடும், அதில் மழைத்தண்ணீர் இறங்கும், காரை கரையும். அந்த மூட்டு பக்கக்கூடத்தின் கூரைக்குப் பக்கத்தில், யாரும் ஏறிப் பார்க்காத இடத்தில் இருந்ததால் பழுது பார்க்கவும் வழியில்லை.

எனக்கு மார்க்கின் விளக்கம்தான் அதிகம் பொருந்துகிறது. பன்னிரண்டு வருட இடைவெளிக்கும் அது பதில் சொல்கிறது, உள்ளே தள்ளி நின்ற தூணுக்கும் பதில் சொல்கிறது. ஆனால் இரண்டு விளக்கங்களும் ஒன்றை ஒன்று வெட்டவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தண்டு சுமை ஏறி நின்ற நேரத்தில் மூட்டும் கரைந்திருந்தால், கடைசியில் எது முதலில் போனது என்பது பெரிய விஷயமே இல்லை. காரணம் எதுவானாலும் சாட்சிகள் அன்றிரவே கல்லாகக் கீழே கிடந்துவிட்டார்கள்.

நடுவில் ஒரு கால்

அகலக் கால் வைக்காதே என்று நம் வீடுகளில் சொல்வார்கள், கடன் வாங்கும்போதும் தொழில் தொடங்கும்போதும். போவேயில் அது சொல்லுக்குச் சொல் உண்மை. தூணுக்கும் தூணுக்கும் நடுவே உள்ள இடைவெளியை, அதாவது அங்கணத்தை, அவர்கள் தாராளமாக வைத்திருந்தார்கள். பீடப்பகுதியின் நேரான பகுதி ஒவ்வொரு பக்கமும் மூன்று அகலமான அங்கணங்கள். அகலம் கூடினால் ஒவ்வொரு தூணும் ஒவ்வொரு முட்டும் சுமக்க வேண்டியது கூடும்.

பழுது பார்த்தவர்கள் கூரையைத் தாழ்த்தவில்லை. அதைத்தான் யாரும் செய்திருப்பார்கள். ஐந்து மீட்டர் இறக்கிக் கட்டியிருந்தால் வேலையும் சுலபம், பயமும் குறைவு. அவர்கள் உயரத்தை அப்படியே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு அங்கணத்தின் நட்டநடுவிலும் புதிதாக ஒரு தூணை இறக்கினார்கள். மூன்று அங்கணம் ஆறாகியது. வெளியே முட்டுகளும் கூடின. பதினான்காம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அந்த வேலை ஓடியது.

பலன் கூரையிலேயே தெரியும். முதலில் இருந்தது ஒவ்வொரு அங்கணத்துக்கும் நான்கு பிரிவுள்ள கூரை, அந்தக் காலத்துக்குப் புது மாதிரி. நடுவில் தூண் வந்ததும் இன்னொரு விலா வரி குறுக்கே போக வேண்டியதாயிற்று, கூரை ஆறு பிரிவாகியது. ஆறு பிரிவுக் கூரை என்பது முந்தைய நூற்றாண்டில் லானிலும் பாரிசிலும் கட்டியது. அதற்குள் பழைய பாணியாகிவிட்டது. உலகத்திலேயே துணிச்சலான கட்டடத்துக்குத் தாத்தா காலத்துக் கூரை வந்து சேர்ந்தது.

இப்போது உள்ளே நின்று பாருங்கள். பீடத்தை நோக்கி நின்றால் இரண்டு பக்கமும் நெருக்கமான, ஒல்லியான, மிகக் கூரான வளைவுகள். கிழக்கே அரைவட்ட முனையில் வளைவுகள் முதலிலிருந்தே குறுகல்தான், ஏனென்றால் வட்டத்தைச் சுற்றி வரும்போது தூண்கள் நெருங்கித்தான் ஆக வேண்டும். முதல் திட்டத்தின்படி அகலமான மூன்று வளைவுகள் நிதானமாக நடந்து வந்து, அரைவட்டத்தில் திடீரென்று வேகம் பிடித்திருக்கும். பழுது பார்த்தபின் அந்த வேகம் முன்னாலிருந்தே தொடங்கிவிடுகிறது. தாளக்கட்டில் சொன்னால் முதல் காலத்தில் தொடங்கி இரண்டாம் காலத்துக்கு மாற வேண்டியது, எடுத்த எடுப்பிலேயே இரண்டாம் காலமாகிவிட்டது. கண் எந்த இடைவெளியிலும் அகலவாக்கில் ஓய்வெடுக்க முடிவதில்லை. பக்கவாட்டில் பார்வை போனால் ஒரு தூண் தடுக்கும், தடுத்த தூண் மேலே கூட்டிப்போகும்.

வழிகாட்டிகள் போவேயின் தனிச்சிறப்பு என்று சொல்லும் அந்தச் செங்குத்து உணர்வு பாதிக்கு மேல் இங்கிருந்துதான் வருகிறது. 48 மீட்டர் என்பது 1272-லும் 48 மீட்டர்தான். ஆனால் அதே உயரம் அன்று அகலமான வளைவுகளுக்கு மேலே, விசாலமாக, காற்றோட்டமாக இருந்திருக்கும். ஆமியேனை இன்னும் பெரிதாக்கியது போல இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். இன்று இருப்பது அப்படி இல்லை, கொஞ்சம் பதற்றம் கலந்த உயரம். அதை நான் குறையாகச் சொல்லவில்லை.

இதற்கு இன்னொரு விஷயமும் உதவுகிறது. ஆமியேனில் மேற்கு வாசலில் நுழைந்தவர் மொத்தம் 145 மீட்டர் நீளமுள்ள ஆலயத்தில் நடக்கிறார். நீளம் உயரத்தை விழுங்கும். தூரத்தில் இருக்கும் பீடம் கண்ணை இழுப்பதால் தலை நிமிர நேரமாகும். போவேயின் மொத்த நீளம் அதில் பாதிதான், 72 மீட்டர் சொச்சம். அதிலும் நாம் நுழைவது நடுவில், பக்கவாட்டில். முன்னுரை இல்லாமல் நேராக உச்சக்காட்சிக்குள் கொண்டுபோய் விடுகிறார்கள். முடிக்காமல் போனதும் இந்த அனுபவத்தில் சேர்த்தி.

153 மீட்டர்

இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடந்த நூறாண்டுப் போர் வந்து வேலையை நிறுத்தியது. மறுபடி 1500-ல், ஆலயத்தைச் சிலுவை போலக் குறுக்கே வெட்டும் குறுக்குக்கூடத்தைத் தொடங்கினார்கள், மர்த்தேன் ஷாம்பீஜ் என்ற தலைமைக் கொத்தரின் மேற்பார்வையில். சான்ஸ், த்ருவா ஆலயங்களிலும் வேலை பார்த்தவர். அவர் தொடங்கிவைத்த தெற்கு முகப்பு கல்லில் செய்த சரிகை மாதிரி இருக்கிறது. பாதிரியார் பக்கத்தில் நின்று விளக்கினாலும் எல்லா விவரமும் கண்ணில் பதியாது. 1548-ல் குறுக்குக்கூடம் முடிந்தது.

அடுத்து நடுக்கூடத்தை மேற்கே இழுத்திருக்க வேண்டும். குறுக்குக்கூடமும் பீடப்பகுதியும் சந்திக்கும் இடத்தில் நான்கு பெரிய தூண்கள் நிற்கின்றன. கிழக்கே பீடப்பகுதி முட்டுக் கொடுக்கிறது, வடக்கிலும் தெற்கிலும் குறுக்குக்கூடத்தின் கைகள் முட்டுக் கொடுக்கின்றன. மேற்கே? ஒன்றுமில்லை. நடுக்கூடம்தான் அந்த முட்டு. பணத்தை அதில் போடாமல், அந்த நான்கு தூண்களின் தலையில் கோபுரம் கட்ட முடிவெடுத்தார்கள். ழான் வாஸ்ட் 1569-ல் முடித்தார். கல்லால் எழும்பி, மேலே மரத்தால் கூம்பி, 153 மீட்டர். அன்றைக்கு உலகத்திலேயே உயரமான கட்டடம் அதுதான் என்று சொல்லப்படுவதுண்டு.

இந்த முடிவை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. 1284-ல் நடந்தது தெரியாமல் நடந்தது. யாரும் அதற்குமுன் அந்த உயரத்துக்குப் போனதில்லை. 1560-களில் மேற்குப் பக்கம் முட்டு இல்லை என்பது கண்ணெதிரே தெரிந்த விஷயம். இரண்டு வருடத்துக்குள் தூண்கள் மேற்குப் பக்கமாகச் சாய்வது தெரிந்தது. வல்லுநர்களைக் கூப்பிட்டுப் பார்த்தார்கள், அவர்களும் பலப்படுத்தச் சொன்னார்கள். பேச்சு நடந்தது, பணக் கணக்கு நடந்தது, வேலை தொடங்குவது தள்ளிப்போனது.

1573 ஏப்ரல் 30, இயேசுவின் விண்ணேற்றத் திருவிழா. மக்களும் குருக்களும் ஊர்வலமாக ஆலயத்தைவிட்டு வெளியே போயிருந்த நேரத்தில் கோபுரம் இறங்கியது. பக்கத்துக் கூரைகளையும் இழுத்துக்கொண்டு போனது. திருவிழா ஊர்வலம் கொஞ்சம் தாமதமாகப் புறப்பட்டிருந்தால் இந்தக் கதையை வேறு குரலில்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

விழுந்த கூரையைச் சரிசெய்தார்கள். கோபுரத்தை மறுபடி கட்டவில்லை. நடுக்கூடத்தில் ஒரே ஒரு அங்கணம் எழுந்தது, 1600-களின் தொடக்கத்தில் அதோடு நின்றுபோனது.

இரும்புக் கம்பிகள்

அதற்குப் பிறகு ஆலயம் சும்மா இருந்தது என்று நினைக்க வேண்டாம். 1940 ஜூனில் ஜெர்மன் விமானங்கள் போவேயின் நடு ஊரை எரித்துத் தரைமட்டமாக்கின. சுற்றிலும் கரிக்கட்டையாய்க் கிடக்க, நடுவில் பேராலயம் நின்றது. உள்ளே வடக்குப் பக்கத்தில் ஒரு பிரம்மாண்டமான வானியல் கடிகாரம், 1860-களில் ஓகுஸ்த்-லூசியன் வெரித்தே செய்தது, 90,000 உதிரி பாகங்கள் கொண்டது என்பார்கள். ஆலயத்துக்கு வருகிற பள்ளிப் பிள்ளைகள் கூரையைவிட அதைத்தான் வாயைப் பிளந்து பார்க்கிறார்கள்.

வழக்குக்குத் திரும்புவோம். வெளியே பறக்கும் முட்டுகளின் இடைத்தூண்களை ஒன்றோடொன்று இணைத்து இரும்புக் கம்பிகள் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றை எப்போது போட்டார்கள் என்பதில் கருத்து ஒற்றுமை இல்லை. 1960-களில் அவை அசிங்கமாக இருக்கின்றன, தேவையும் இல்லை என்று கழற்றிவிட்டார்கள். காகிதத்தில் கணக்குப் பார்த்தால் முட்டுகள் தாங்கத்தான் செய்யும். அப்புறம் காற்று அடித்தது. இங்கிலீஷ் கால்வாயிலிருந்து வரும் காற்றுக்கு நடுவே பெரிய தடுப்பு கிடையாது. முட்டுகள் ஆட ஆரம்பித்தன, பீடப்பகுதி குறுக்குக்கூடத்திலிருந்து விலகத் தொடங்கியது. மறுபடி கம்பிகளைப் போட்டார்கள், இந்த முறை எஃகில். பழைய இரும்பு காற்றுக்குக் கொஞ்சம் நீண்டு கொடுக்கும். எஃகு அப்படி விட்டுக்கொடுப்பதில்லை. அந்த விறைப்பே புது வெடிப்புகளுக்குக் காரணமாகியிருக்கலாம் என்ற சந்தேகமும் எழுந்தது.

எழுநூறு வருடத்துக்கு முன் யாரோ ஒரு கொல்லர் அடித்த கம்பியாக இருக்கலாம், நூறு வருடத்துக்கு முந்தையதாகவும் இருக்கலாம். யார் போட்டார்களோ அவருக்குக் காற்று பற்றித் தெரிந்திருக்கிறது. கோதிக் கட்டடத்தில் இரும்பு கூடாது, எல்லாம் கல்லின் சமநிலையில்தான் நிற்க வேண்டும் என்பது பின்னால் வந்தவர்களின் தூய்மைவாதம். கட்டியவர்களுக்கு அந்த ஆசாரம் கிடையாது. ஆமியேனில் பதினைந்தாம் நூற்றாண்டின் கடைசியில் தூண்கள் பிதுங்கியபோது சுற்றிலும் இரும்புச் சங்கிலி போட்டு இறுக்கினார்கள். அது இன்றும் இருக்கிறது.

1990-களில் வடக்குக் குறுக்குக்கூடம் அசைவது தெரிந்ததும் மரமும் எஃகும் கலந்த பெரிய சட்டங்களைக் குறுக்கே பூட்டினார்கள். அதோடு தரையிலிருந்து நாற்பத்தைந்து பாகையில் சாய்ந்து எழும் ஒரு மாபெரும் மரமுட்டு. 2001-ல் கொலம்பியா பல்கலைக்கழகக் குழு ஆலயம் முழுவதையும் லேசரால் அளந்து முப்பரிமாண மாதிரி செய்தது. அந்த மரமுட்டைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. எனக்கு அது உறுத்தவில்லை. வெளியே கல்லில் சாய்ந்து நிற்கிற முட்டுகள் செய்கிற வேலையைத்தான் இது உள்ளே மரத்தில் செய்கிறது. என்ன வித்தியாசம் என்றால், கோதிக் கொத்தர்கள் கண்ணுக்குத் தெரியாமல் வெளியே ஒளித்துவைத்த முட்டு, இங்கே நடைபாதையில் நிற்கிறது. சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். பக்கத்தில் நின்று அதன் சாய்வோடு பார்வையை ஏற்றிக்கொண்டே போனால், ஒரு கல் தூண் எந்தப் பக்கம் போகப் பார்க்கிறது என்பது பாடப்புத்தகம் இல்லாமலேயே புரிந்துவிடும்.

வெளியே வந்து மேற்குப் பக்கம் சுற்றிப் போனால், பேராலயத்தின் அடைப்புச் சுவரை ஒட்டினாற்போல ஒரு சின்னக் கட்டடம். பாஸ்-ஊவ்ர் என்கிறார்கள், தாழ்ந்த வேலை என்று பொருள். பத்தாம் நூற்றாண்டில் கட்டிய பழைய பேராலயத்தின் மிச்சம். ரோமானியச் சுவர்களிலிருந்து பெயர்த்தெடுத்த உள்ளங்கை அகலச் சதுரக் கற்களை வரிசை வரிசையாக வைத்துக் கட்டியது. பறக்கும் முட்டு இல்லை, கல் கூரை இல்லை, மரக்கூரைதான். புதிய நடுக்கூடம் வளர வளர இதை இடித்துக்கொண்டே வருவதாகத்தான் திட்டம். கிழக்குப் பக்கத்தை இடித்தும் விட்டார்கள். கோபுரத்துக்குப் போன பணம் நடுக்கூடத்துக்கு வந்து சேரவே இல்லை. அதனால் மீதி அப்படியே நிற்கிறது, ஆயிரம் வருடமாக, 48 மீட்டர் கூரையின் நிழல் விழும் தூரத்தில்.